மூன்று நாள் டீ வேண்டாம்

வெள்ளீயச் சுரங்க ஊரான கம்பாரின் கடைத்தெருவில் என் காப்பிக் கடைக்கும் சீன மருந்துக் கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் வேர் வெட்டினால் இந்தப் பக்கம் என் கோப்பைகள் ஆடும். முப்பது வருஷம் அப்படி ஆடின. வெட்டியவள் பெயர் குவாய் ஃபோங். தெருவுக்கு அவள் குவாய் அக்கா. என்னைவிட இரண்டு வயது இளையவள்தான், ஆனாலும் எனக்கும் அக்காதான். வேறு மாதிரி கூப்பிட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

சீனாவில் கான்டன் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவள். முதல் நாலு வருஷம் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் வெள்ளீய மணல் அலசினாள். முட்டி வலி வந்து மருந்து வாங்கப் போன இடத்தில், வேர் வெட்ட ஆள் இல்லையென்று முதலாளி லியோங் புலம்ப, "வலிக்கு மருந்து குடுங்க, நான் வெட்டித் தரேன்" என்று உட்கார்ந்தவள்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தராசு பிடிக்கிற ஆள் ஈப்போவுக்கு ஓடிப் போனபோது தராசும் அவள் கைக்கு வந்தது. பொம்பளை நிறுத்த மருந்து பலிக்காது என்று சொன்ன ஆண்பிள்ளைகள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் ஆறு மாதத்தில் இருமிக்கொண்டே வரிசையில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அதில் பரம திருப்தி.

கான்டன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மருந்தை மருந்து என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டில் வியாதி குந்திவிடுமாம். "டீ எடுக்க வந்தேன்" என்பார்கள். "அம்மா டீ குடிச்சாச்சா?" என்பார்கள். பார்த்தால் குடிப்பது கன்னங்கரேலென்று கசப்புக் கஷாயமாக இருக்கும். நான் ஹைனான் தீவுக்காரன், டீ விற்றுப் பிழைக்கிறவன். என் பிழைப்பின் பெயரை எடுத்து அந்தக் கண்றாவிக்கு வைத்தால் எனக்கு எரியுமா, எரியாதா?

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். கஷாயம் வடித்த சக்கையைக் கொண்டுவந்து நடுத்தெருவில் கொட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் மிதித்தால் வியாதி அவர்களின் காலோடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு எல்லாருக்கும் பிடித்த இடம் என் கடை வாசல். அங்கேதானே ஆள் நடமாட்டம். விடிந்ததும் துடைப்பத்தோடு வந்து தெருவையே ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் நான் அடுப்பு மூட்டுவேன். குவாய் அக்கா கதவைத் திறந்துகொண்டே, "திட்டுங்கண்ணே, அப்பதான் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கு" என்பாள்.

நான் சொல்ல வந்தது வெள்ளம் வந்த வருஷத்துக் கதை. பத்தாம் மாத மழையில் ஆறு பொங்கித் தெருவுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. முதலாளி லியோங் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஈப்போ போனவர், விருந்தெல்லாம் முடியும்வரை அங்கேயே தங்கிவிட்டார். கடையில் குவாய் அக்கா ஒருத்தி. மாடியறையில் வைத்தியர் கூ. அவர் பினாங்குக்காரர், ஹொக்கியன் என்கிற வேறு சீனப் பேச்சுப் பேசுகிறவர். மாதத்தில் சில நாள் ரயிலில் வந்து நாடி பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். ஆனால் அவர் பேசுகிற கான்டன் பேச்சைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

மருந்துக் கடைச் சுவர் முழுக்க இழுப்பறைகள், நூற்றுக்கு மேல். பெயர்ச் சீட்டுகளை எப்போதோ கரப்பான் தின்றுவிட்டது. அதனால் என்ன, அக்காவின் கைக்கு ஒவ்வொரு இடமும் தெரியும். அன்று ராத்திரி தண்ணீர் ஏற ஏற, அடி இரண்டு வரிசையை உருவி, மேலே இருந்ததை இடம் மாற்றி, கிடைத்த பொந்துகளில் எல்லாம் செருகிவைத்தாள். மறுநாள் தண்ணீர் வடிந்தது. ஒரு விரற்கடைச் சேறு. அதற்குள் நின்றுகொண்டே கடையைத் திறந்தாள். வந்த முதல் ஆள் பாட் செங்.

பாட் செங் தெருக்கோடியில் மரச்செருப்புச் செதுக்குகிறவன். சாதுவானவன், கொஞ்சம் மந்தம். அவன் மனைவி சாவ் லின்னுக்கு ஒரு வாரமாக வறட்டிருமலும் காய்ச்சலும். வைத்தியர் கூ காலையிலேயே சேற்றில் நடந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து சீட்டு எழுதினார். அக்கா நிறுத்து, மூன்று பொட்டலமாகக் கட்டி, கசப்புக்குப் பிறகு வாயில் போட ஒரு சர்க்கரைப் பிளம்பழமும் வைத்துக் கொடுத்தாள். "இந்தாங்க டீ. மூணு கிண்ணம் தண்ணி விட்டு முக்கால் கிண்ணமா சுண்டக் காச்சணும்." அவன் படியிறங்கும்போது வைத்தியர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அது எனக்கும் கேட்டது. "ஏ தம்பி, மூணு நாளைக்கு அவளுக்கு டீ குடுக்காத. நாலாம் நாள் ரயில்ல வந்து நானே பாக்கறேன்."

பாட் செங் தலையை ஆட்டினான். நேராக என் கடைக்கு வந்தான். "அண்ணே, வீட்டுக்காரிக்கு ஒரு டீ. பால் தூக்கலா." காலிப் பால் டின்னில் டீயை ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த நாளும் வந்தான், அதற்கு அடுத்த நாளும். எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. டீ கேட்டவனுக்கு டீ கொடுக்காமல் நான் என்ன ஆராய்ச்சியா செய்வேன்.

நாலாம் நாள் காலையில் பாட் செங்கின் தங்கை ஆ முய் கடைக்குள் நுழைந்தாள். அவள் வேறு தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வாய் இருக்கிறதே, அது ரயிலைவிட முன்னால் போய்ச் சேரும். எல்லா மேஜைக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"எங்க அண்ணி கிடக்கறா பாருங்க, நேத்து சாயங்காலம் போய்ப் பாத்தேன். பேச்சே வரல. நாக்கு தடிச்சுப் போச்சு, தொண்டை அடைச்சுப் போச்சு. எல்லாம் பக்கத்துக் கடையில எடுத்த டீ. பொம்பளை கையில தராசு குடுத்தா இப்படித்தான்."

"உங்கண்ணன் சொன்னானா?" என்றேன்.

"அவன் என்ன சொல்லுவான். செதுக்கற கட்டையே அவனைவிடப் பேசும். எனக்குக் கண்ணு இல்லையா?"

குவாய் அக்கா தினமும் அந்த நேரத்துக்குத் தன் காப்பிக்காகப் பின்வாசல் வழியாக வருவாள். அன்றும் வந்து நின்றிருந்தாள். கையிலிருந்த டின்னை மெதுவாக என் மேடைமேல் வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வழக்கமாக ஆ முய்க்கு அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஆ முய் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரமாட்டாள். அன்று வந்த வழியே பின்கட்டுக்குத் திரும்பிப் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சிறுக்கி பேச்சுக்கா இப்படி ஆயிட்டே?"

"இல்லண்ணே. நேத்து தரை காஞ்சுதுன்னு இழுப்பறையெல்லாம் பழைய இடத்துல மாத்தி வச்சேன். மலைவள்ளி இருக்க வேண்டிய பொந்துல தென்மீன் கிழங்கு இருந்துது. வெள்ளத்துல நான் வச்சதுதான். பாட் செங் சீட்டுல மலைவள்ளி இருந்துது. அன்னைக்கு என் கை எங்க போச்சுன்னு எனக்கு நினைவு வரமாட்டேங்குது. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். வரமாட்டேங்குது."

நான் அவள் பக்கத்துச் சுவர்க்காரன், அதனால் எனக்குக் கொஞ்சம் தெரியும். மலைவள்ளிக் கிழங்கு சாப்பாட்டுச் சாமான் மாதிரி, குழந்தைக்கும் கொடுக்கலாம். தென்மீன் கிழங்கு வீக்கத்துக்கு அரைத்து வெளியே பூசுகிற விஷக் கிழங்கு. கஷாயமாக உள்ளே போனாலும் நாக்கு தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நிற்கும். இரண்டும் வெள்ளை வெள்ளையாக வட்ட வில்லைகள். எப்போதும் அவள் நிறுத்ததைத் தாளில் பரப்பி முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் கட்டுவார்கள். அன்று முதலாளி ஈப்போவில்.

"நேத்து வரைக்கும் வேற யாருக்கும் மலைவள்ளி போட்டியா?"

"இல்ல. சேத்துல யாரு வந்தா? ரெண்டே பேர். இன்னொண்ணு பிள்ளைக்கு வயித்துவலி, அதுல கிழங்கே இல்ல."

"சரி, முதலாளி வரட்டும்."

"அவர் வர்றதுக்குள்ள அவ செத்துட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து முகம் கழுவினாள். "அவங்க வீட்டு வாசலுக்குப் போறேன். சக்கை கொட்டியிருப்பாங்கல்ல. சக்கையைப் பாத்தா என்ன போட்டேன்னு தெரிஞ்சுடும். நீங்களும் வாங்கண்ணே. எனக்குத் தனியாப் போகக் கால் வரல."

கடையை மாமனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். என் ஆயுசில் கஷாயச் சக்கையைத் தேடிக்கொண்டு நான் போனது அன்றைக்குத்தான். வழியெல்லாம் அவள் வாய்க்குள் சீட்டை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மலைவள்ளி வருகிற இடத்தில் நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பாட் செங் வீட்டு வாசலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அடுத்த வீட்டு வாசலில் ஒரு குவியல் சக்கை. எதிர்வீட்டு முன்னால் ஒன்று, அது வேறு கடையில் வாங்கியது என்று குவாய் அக்கா குச்சியால் கிளறிப் பார்த்துச் சொன்னாள். பாட் செங் வாசலில் ஒன்றுமே இல்லை. முச்சந்தி வரை நடந்தோம். இல்லை. சாக்கடையில் குனிந்து பார்த்தாள். இல்லை.

"மழை அடிச்சிட்டுப் போயிருக்கும்," என்றேன்.

"மூணு நாளா எங்க மழை? பக்கத்து வீட்டுச் சக்கை அப்படியே காஞ்சு கிடக்கே." சாக்கடை ஓரத்தில் அப்படியே நின்றாள். "மூணு பொட்டலம் காச்சின வீட்டுல சக்கை இல்லாம எப்படிண்ணே இருக்கும்?"

கதவைத் தட்டினேன்.

பாட் செங் திறந்தான். தலை முழுக்க மரத்தூள். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "வாங்க வாங்க. இன்னைக்கு நாலாம் நாளு. டீ ஆரம்பிச்சுடலாமான்னு நானே வந்து கேக்கலாம்னு இருந்தேன்."

"ஆரம்பிக்கறதா?" என்றாள் குவாய் அக்கா.

"வைத்தியர்தான் மூணு நாளைக்கு டீ குடுக்காதன்னாரே. பெரிய வைத்தியர், எதுக்குச் சொல்றார்னு நாம கேட்க முடியுமா? அப்படியே மாட்டி வச்சிருக்கேன்."

அடுப்புக்கு மேலே ஆணியில் மூன்று பொட்டலமும் தொங்கின. அவள் போட்ட முடிச்சுகூட அவிழவில்லை. பக்கத்தில் பலகைமேல் என் கடைப் பால் டின்.

"இது என்ன?" என்றேன்.

"உங்க டீண்ணே. டீதான் கூடாதுன்னார், டீ குடிக்கலாமில்ல?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பினாங்குக்காரர் டீ என்று என் டீயைச் சொல்லியிருக்கிறார். அதைக் குடித்தால் மருந்து முறிந்துவிடும் என்று சொல்வார்கள். கான்டன்காரனுக்குக் கேட்டதோ மருந்து. வேண்டாம் என்றதை வேளை தவறாமல் கொடுத்திருக்கிறான், கொடு என்றதை ஆணியில் மாட்டியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குவாய் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடிக்கல. அவ குடிக்கல," என்று இரண்டு தடவை சொன்னாள்.

உள்ளறையிலிருந்து சாவ் லின் எழுந்து வந்தாள். காய்ச்சல் முகம், கரகரவென்று காற்று மாதிரி ஒரு குரல். நாக்கு ஒன்றும் தடிக்கவில்லை. "தொண்டை கட்டிக்கிச்சு," என்றாள். "இருமி இருமிப் பாதி, இவரைத் திட்டிப் பாதி. மூணு நாளா டீயைக் காச்சுங்கன்னு சொல்றேன். வைத்தியர் சொல்லணுமாம்."

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடக்கூடப் போனேன். ஆனால் குவாய் அக்கா தானாக எழுந்து, ஆணியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பலகைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். இலை, தோல், வேர் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். வெள்ளை வில்லைகள் வந்தன. ஒன்றை எடுத்து உடைத்தாள். முனையைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வாசலுக்கு ஓடித் துப்பினாள். திரும்பி வந்தபோது உதட்டைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இன்றுவரை யோசிப்பது இதைத்தான். அந்த நேரத்தில் மூன்று பொட்டலத்தையும் மடியில் சுருட்டிக்கொண்டு, பழசாகிப் போச்சு, புதுசாகக் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பாட் செங்குக்குத் தெரியாது. சாவ் லின்னுக்குத் தெரியாது. எனக்கே, கேட்டிருந்தால், நம்பத்தான் தோன்றியிருக்கும். அவளுக்கு அந்தத் தராசைத் தவிர ஊரில் வேறு சொத்தும் கிடையாது, சொந்தமும் கிடையாது.

"இது தப்பு," என்றாள். நாக்கு மரத்து வார்த்தை குழறியது. "இது மலைவள்ளி இல்ல. விஷக் கிழங்கு. நான்தான் மாத்திப் போட்டேன். நீங்க காச்சிக் குடுத்திருந்தா இவ இன்னைக்கு இருந்திருக்க மாட்டா. என்ன செய்யணுமோ செய்யுங்க. ஊர்ல சொல்றதுன்னாலும் சொல்லுங்க."

பாட் செங் பொட்டலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். ஏறியதும் பலகைமேல் உட்கார்ந்தான், என் பால் டின் உருண்டு போயிற்று.

"நல்லவேளை," என்றான். "நல்லவேளை, நான் மடையன்."

யாரும் சிரிக்கவில்லை. சாவ் லின் அவன் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "எதையும் நேரா காதுல வாங்க மாட்டார்னு பதினாறு வருஷமா திட்டியிருக்கேன்," என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "இனிமே திட்டல." அப்புறம் குவாய் அக்காவிடம் திரும்பி, "அக்கா, உங்க நாக்கு எரியுமே. வெந்நீர் வைக்கவா?" என்றாள். அப்போதுதான் குவாய் அக்கா அழுதாள். நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் என்னவோ போலிருந்தது, அதனால் டின்னைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மத்தியான ரயிலில் வைத்தியர் கூ வந்தார். ஸ்டேஷன் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். "டீன்னா என்னய்யா அர்த்தம்?" என்றேன். "டீன்னா டீதான்," என்றார். "இந்த ஊர்ல இருபது வருஷமா டீ விக்கறேன், எனக்கே அந்த நம்பிக்கை கிடையாது," என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். மனிதர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். நேராகப் போய் சாவ் லின்னின் நாடியைப் பார்த்தார். அதே சீட்டை மறுபடி எழுதினார். இந்தத் தடவை குவாய் அக்கா நிறுத்ததை அவரே தாளில் பரப்பிப் பார்த்தார். அவள் அவர் பார்த்தது போதாதென்று ஒவ்வொரு வில்லையையும் விரலால் தேய்த்துப் பார்த்தாள். மாவு ஒட்டியது. மலைவள்ளி. கட்டிக் கொடுக்கும்போது கடையில் நின்ற நாலு பேர் காதில் விழ, "இது மருந்து. டீ இல்ல, மருந்து. இன்னைக்கே காச்சணும்," என்றாள். வரிசையில் நின்ற ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவள் அந்தக் கடையில் மருந்து என்றே சொன்னாள். கான்டன்காரர்கள் முணுமுணுத்தார்கள், மருந்துக் குவாய் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் வேறு கடைக்குப் போகவில்லை. முதலாளி லியோங் ஈப்போவிலிருந்து வந்ததும் அவளே நடந்ததைச் சொன்னாள். மறுநாள் விஷக் கிழங்கையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாவியை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு இழுப்பறை முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒரு துண்டைப் பசை போட்டு ஒட்டினாள். கரப்பான் தின்னத் தின்ன மறுபடி ஒட்டினாள். ஆ முய் மட்டும் இரண்டு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை, அதுவும் ஒரு லாபம்தான்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அதெல்லாம் ஒன்றும் தெரியாது. மருந்து பாட் செங் வீட்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை நான் துடைப்பத்தோடு வெளியே வந்தபோது குவாய் அக்கா கடை திறக்காமல் தெருக்கோடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

பாட் செங் வாசலில், நடுத்தெருவில், ஒரு குவியல் சக்கை. இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, சூட்டைப் பார்க்காமல் கையை விட்டுக் கிளறினாள். வெந்து குழைந்த வெள்ளை வில்லை ஒன்று கிடைத்தது. இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினாள். கூழாகப் போயிற்று, மலைவள்ளிதான். இன்னொன்றை எடுத்தாள், அதையும் நசுக்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மாடி ஜன்னல் திறந்தது. பாட் செங் தலையை நீட்டினான்.

"அக்கா, டீ குடுத்தாச்சு. காய்ச்சல் கொஞ்சம் விட்டிருக்கு. தூங்கறா."

அது மருந்தால் விட்டதா, என் பால் டீயால் விட்டதா, சும்மாவே விட்டதா, எனக்குத் தெரியாது. நான் காப்பி ஆற்றுகிறவன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சக்கையை வெறுங்காலால் நன்றாக மிதித்தேன், இரண்டு காலாலும். பிறகு கடைக்குப் போய் அடுப்பு மூட்டினேன். அன்று காலை நான் யாரையும் திட்டவில்லை.